கப்பல் தளத்தில் ஒரு தலைவர்

கையில் பந்தேந்தி ஓடும் ரக்பி ஆட்டம் நம்மவர்க்கு அதிகம் பழக்கமில்லாதது. அதில் அழியாப் பெயர் பெற்றவர் டேவ் கலஹர். 1873இல் அயர்லாந்தில் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்துடன் நியூசிலாந்தில் குடியேறியவர். போயர் போரிலும் பங்கேற்றவர்.

1905இல் பிரிட்டனுக்குப் புறப்பட்ட நியூசிலாந்து அணிக்கு ரக்பி சங்கம் அவரைத் தலைவராக நியமித்தது. கப்பல் நகர்ந்ததுமே முணுமுணுப்பு எழுந்தது. தலைவரை ஆட்டக்காரர்களே தேர்ந்தெடுக்க வேண்டுமென்றனர், குறிப்பாகத் தென்பகுதி வீரர்கள். கலஹர் பதவியைப் பற்றிக்கொண்டிருக்கவில்லை, விலக முன்வந்தார். துணைத்தலைவர் ஸ்டெட்டும் அவ்வாறே. வாக்கெடுப்பு நடந்தது. 29 பேரில் 17 பேர் மட்டுமே நியமனத்தை ஏற்றனர். மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டுதானே ஆடியாக வேண்டும்!

பயணம் ஏறத்தாழ ஆறு வாரம். கப்பல் தளமே பயிற்சித் திடலாயிற்று. முன்வரிசையாரைக் கலஹரும் பின்வரிசையாரை ஸ்டெட்டும் நாள்தோறும் பழக்கினர். கரையிறங்கி ஆடிய முதல் ஆட்டத்திலேயே டெவன் அணியை 55-4 என வீழ்த்தினர். நம்ப இயலாத சில ஏடுகள் டெவன் வென்றதாகவே அச்சிட்டுவிட்டன! பிரிட்டிஷ் தீவுகளில் ஆடிய 32 ஆட்டங்களில் ஒன்றில்தான் தோல்வி, வேல்ஸிடம், 0-3.

முதல் உலகப்போரின்போது, கட்டாயச் சேவைக்குரிய வயதைக் கடந்திருந்தும், 1916இல் படையில் சேர்ந்தார். 1917 அக்டோபர் 4இல், பெல்ஜியத்தின் பாஷண்டேல் போரில் காயமுற்று, 43ஆம் வயதில் உயிர் நீத்தார்.