சாது சுந்தர் சிங்கின் ஜெப வாழ்வு

மனிதன் கடவுளை நாடுவது பெரும்பாலும் ஏதேனும் ஒன்றைக் கேட்பதற்காகவே. தேர்வு நெருங்கினால் மாணவன் கேட்கிறான். மகளுக்கு நல்லிடத்தில் மணம் அமைய வேண்டுமென்று தாய் கேட்கிறாள். பழவேற்காட்டு ஏரிக்கரையில் தோணிரேவு முதலிய மீனவ ஊர்களில் வாழ்வோர் வலை நிறைய வேண்டும், போன தோணி பத்திரமாய்த் திரும்ப வேண்டும் என்று கேட்கின்றனர். இவ்வாறு கேட்பதில் குற்றமில்லை. ஆனால் கேட்டது கிடைத்துவிட்டால் நன்றியோடு ஜெபம் முடிந்துவிடுகிறது. கிடைக்காவிட்டால் மனக்கசப்போடு முடிந்துவிடுகிறது. ஜெபம் என்பது இவ்வளவுதானா? இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாக ஆக்கியவர் சாது சுந்தர் சிங்.

அவர் 1889ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் பஞ்சாபிலுள்ள இராம்பூர் என்னும் சிற்றூரில் செல்வம் மிக்க சீக்கியக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் பெயர் சேர் சிங். மகனுக்குப் பக்தியை ஊட்டியவர் தாயார். விடியுமுன் எழுந்து நீராடி, இறைவனை நினைத்த பின்னரே உணவைத் தொடவேண்டும் என்பது அவ்வம்மையார் வகுத்த ஒழுங்கு. ஏழாம் வயதிலேயே சுந்தர் பகவத் கீதையை மனப்பாடம் செய்துவிட்டார். மகன் ஒரு சாதுவாக வேண்டும் என்பதே தாயின் ஆசை. அந்தத் தாய் மறைந்தபோது மகனுக்கு வயது பதினான்கு அளவே. அந்த இழப்பு அவர் உள்ளத்தில் ஆறாத் துயரையும் அமைதியின்மையையும் விளைத்தது.

உள்ளூர் மிஷன் பள்ளியில் அவர் பயின்றார். எனினும் கிறிஸ்தவ வேதத்தைக் கடுமையாக வெறுத்தார். 1904 டிசம்பரில் ஒரு நாள் அந்நூலைத் தீயிலிட்டும் எரித்தார். அமைதியோ கிட்டவில்லை. டிசம்பர் 18ஆம் நாள், இரவு மூன்று மணிக்கு எழுந்து, பனிக்குளிரில் தண்ணீரில் நீராடி, கடவுள் ஒருவர் உண்டென்றால் தமக்கு வழிகாட்ட வேண்டும் என்று மன்றாடினார். விடை கிடைக்காவிடில் விடியற்காலை வரும் இரயிலின் முன் தலையை வைத்துவிடுவதென உறுதி பூண்டிருந்தார். அவ்வேளையில் அறையில் ஓர் ஒளி தோன்றியதாகவும், அதில் தாம் வெறுத்த இயேசுவையே கண்டதாகவும் அவர் வாழ்நாள் முழுவதும் சாட்சி கூறினார். அன்று அவர் எதையும் கேட்டுப் பெறவில்லை. கடவுளையே கேட்டார் என்பதை நாம் கருத்திற் கொள்ளவேண்டும். பின்னர் அவர் ஜெபத்தைப் பற்றிச் சொன்ன அனைத்துக்கும் வித்து இதுவே.

குடும்பத்தார் அவரை விலக்கினர். 1905 செப்டம்பர் 3ஆம் நாள், தம் பதினாறாம் பிறந்த நாளில், சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்றார். முப்பத்து மூன்று நாட்களில் காவியுடை பூண்டு, கையில் வேதநூலும் போர்வையும் மட்டும் கொண்டு, வெறுங்காலோடு புறப்பட்டார். லாகூர் வேதசாஸ்திரக் கல்லூரியில் சிறிது காலம் பயின்றார். பிரசங்கிக்கும் உரிமமும் பெற்றார். ஆனால் அது ஓர் எல்லைக்குள்ளேயே தம்மைக் கட்டிவைக்கும் என்று அறிந்தவுடன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர் ஜெபித்த முறை மிக எளியது. விடியற்காலையில் எழுந்து முதலில் வேதாகமத்தை வாசிப்பார். வாசித்ததை மெல்ல மனத்தில் அசைபோடுவார். பின்னர் அலையும் எண்ணங்கள் அடங்கும்வரை மௌனமாய் அமர்ந்திருப்பார். அதற்கப்புறமே ஜெபம். அதிலும் சொற்கள் குறைவு. பறவை அடைகாக்கும்போது மாறுவது பறவை அன்று, முட்டையே. அதுபோல ஜெபத்தில் மாறுவது கடவுள் அல்லர், ஜெபிக்கும் மனிதனே என்று அவர் விளக்குவார். நம் விருப்பத்திற்குக் கடவுளை வளைப்பது ஜெபமன்று. அவர் விருப்பத்திற்கு நாம் கனிவதே ஜெபம் என்பது இதன் கருத்து.

1918இல் அவர் சென்னைக்கும் தென்னாட்டின் பல ஊர்களுக்கும் இலங்கைக்கும் வந்தார். 1920இல் இங்கிலாந்து சென்றபோது ஆக்ஸ்போர்டில் பயின்றுகொண்டிருந்த பாளையங்கோட்டைத் தமிழர் ஏ. ஜே. அப்பாசாமி அவரோடு நெருங்கிப் பழகினார். பேராசிரியர் ஸ்ட்ரீட்டரும் அவரும் சேர்ந்து எழுதிய நூல் 1921இல் வெளிவந்து சாதுவின் உள்வாழ்வை உலகறியச் செய்தது. ஜெபத்தைப் பற்றியே பெருநூல் எழுதிய ஜெர்மானிய அறிஞர் பிரெடெரிக் ஹைலரும் சாதுவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மறுபுறம், அவர் கூறிய அற்புதங்களையும் 1913இல் அவர் மேற்கொண்ட நீண்ட உபவாசத்தின் நாட்கணக்கையும் ஐயுற்றோர் ஐரோப்பாவில் கடுமையாக வாதிட்டனர். அந்த வாதம் அறிஞர்களுக்கு உரியது. தினமும் விடியலில் அவர் அமர்ந்த அந்த மௌனத்தையோ எவரும் இன்றே சோதித்துப் பார்க்கலாம்.

திபெத்தில் நற்செய்தி கூறவேண்டும் என்பது அவருடைய தீராத ஆவல். உடல்நலம் குன்றியிருந்தும், 1929 ஏப்ரலில், முப்பத்தொன்பதாம் வயதில், மீண்டும் அத்திசை நோக்கிப் புறப்பட்டார். திரும்பி வரவில்லை. தேடிச் சென்றவர்களுக்கு அடிச்சுவடும் கிட்டவில்லை. 1933இல் அரசு அவரை இறந்தவராக ஏற்றுக்கொண்டது.

அத்தனை ஜெபித்தவரைக் கடவுள் ஏன் காக்கவில்லை என்று சிலர் கேட்கலாம். தோணியில் போன தந்தையோ தமையனோ திரும்பாத வீடுகள் உள்ள கரையில் இது வெறும் புத்தகக் கேள்வியன்று. சாதுவின் வாழ்வு இதற்குத் தரும் விடை ஒன்றே. ஜெபம் ஆபத்து வராமல் தடுக்கும் காப்புறுதி அன்று. மலைப்பாதையின் இடர்களை அவர் நன்கறிவார். முன்பும் பலமுறை கண்டவர். பாதுகாப்பைக் கேட்டு அவர் ஜெபித்திருந்தால் வீட்டிலேயே இருந்திருப்பார். கடவுளோடு இருப்பதையே கேட்டார். ஆகவே அஞ்சாமல் நடந்தார்.

நம் ஏரிக்கரையில் பாடு என்றொரு முறை உண்டு. மீன்பிடிக்கும் இடம் இன்னாருக்கு இன்ன நாள் என்று முறை வைத்துப் பகிர்வார்கள். முறை வந்த நாளில் மீன் குறைவானாலும் வலைஞர் அடுத்த முறைக்கும் தவறாமல் நீரில் இறங்குவர். ஜெபத்துக்கும் அத்தகைய ஒழுங்கு வேண்டும். கிடைத்த நாளில் மட்டும் ஜெபிப்பவன் ஆழத்தை அறியான்.

உப்புநீரிலேயே பிறந்து வளரும் மீனின் உடலில் உப்பு ஏறுவதில்லை. அதனுள் உயிர் இருப்பதே காரணம் என்று சாது உவமை கூறுவார். உலகில் வாழ்ந்தும் உலகத்தின் தன்மை ஏறாதிருக்க உள்ளே ஜெபம் என்னும் உயிர் வேண்டும் என்பது பொருள். கிறிஸ்தவ நண்பர்களே, நாளை விடியலில் கால்மணி நேரம் எதையும் கேளாமல் அமர்ந்து பாருங்கள். பிற சமய நண்பர்களும் தத்தம் வழியில் அவ்வாறே அமரலாம். அந்தப் பஞ்சாபித் தாய் தம் மகனுக்குக் கற்பித்ததும் அதுவே.