ஓலையும் குதிரையும் ஒரு வீடியோ கேமும்!

குட்டீஸ்! பொன்னியின் செல்வன் கதையை வைத்து நீங்களே ஒரு வீடியோ கேம் செய்வதாக வைத்துக் கொள்ளுங்கள். குதிரையில் வரும் வீரன் வந்தியத்தேவன். காஞ்சியில் வாங்கிய ஓலைகளைத் தஞ்சைக்கும் பழையாறைக்கும் கொண்டு சேர்க்க வேண்டும். ஆடிப்பெருக்கு நாளில், வீராணம் ஏரிக்கரையில் ஆட்டம் ஆரம்பம். அடுத்து கடம்பூர், குடந்தை, தஞ்சைக் கோட்டை, பழையாறை, கோடிக்கரை. கடைசியில் படகேறி இலங்கை. எல்லா லெவலும் தயார்!

இவற்றை அமைத்தவர் யார் தெரியுமா? எழுத்தாளர் கல்கி. மயிலாடுதுறை அருகே உள்ள புத்தமங்கலத்தில், 1899 செப்டம்பர் 9ல் பிறந்த கிருஷ்ணமூர்த்திதான் அவர்.

திருச்சியில் படித்தபோது, 1921ல் காந்திஜியின் ஒத்துழையாமை இயக்கம் அவரை ஈர்த்தது. பள்ளி இறுதித் தேர்வு நெருங்கியிருந்தது. எழுதித் தேறினால் வேலை கிடைக்கும். ஆனாலும் படிப்பை விட்டுப் போராட்டத்தில் குதித்தார். 1922ல் ஓராண்டு சிறைத் தண்டனை!

பள்ளியை விட்டாலும், படிப்பதை அவர் விடவில்லை. சோழர் வரலாற்று நூல்களைத் தேடிப் படித்தார். கதைக்காக இலங்கைக்கே போய்ப் பார்த்தார். பிறகுதான் நிஜ இளவரசர் அருள்மொழிவர்மரையும், கற்பனைப் படகுக்காரி பூங்குழலியையும் ஒரே கதையில் சேர்த்தார். ஓவியர் மணியம் அவர்களுக்கு முகமும் உடையும் தந்தார்.

1950ல் கல்கி வார இதழில் துவங்கிய தொடர், 1954ல் முடிந்தது. அதே ஆண்டு டிசம்பர் 5ல் கல்கி மறைந்தார்.

கேம் வடிவமைக்க ஆசையா, குட்டீஸ்? முதலில் அந்த ஊர்களைப் பற்றிப் படியுங்கள். முடிந்தால் போய்ப் பாருங்கள். கற்பனை தானாக வரும்!