எந்த இடம் என்று கேட்டவர்

ஆபிரகாம் லிங்கன் என்றதும் அடிமை விலங்கொடித்தவர் என்பார்கள். உள்நாட்டுப் போரிலே நாட்டைப் பிளவுபடாமல் காத்தவர் என்பார்கள். நாடக அரங்கிலே கொலைகாரனின் குண்டுக்கு இரையானவர் என்பார்கள். அத்தனையும் உண்மை. ஆனால், உலகம் அவர் பெயரை அறியுமுன்னே, பாராளுமன்றத்துக்குப் புதிதாக வந்த ஓர் உறுப்பினராக, தம் நாட்டின் தலைவரைப் பார்த்து அவர் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. போரைத் தொடங்க ஒரு தனி மனிதருக்கு என்ன அதிகாரம் என்பதே அதன் சாரம். அந்தக் கேள்விக்காக அவர் ஏச்சும் பேச்சும் கேட்டார். அந்த வரலாற்றையே இன்று நாம் சொல்ல விரும்புகிறோம்.

1809 பிப்ரவரி 12 அன்று கென்டகியிலே, மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய குடிசையிலே பிறந்தார் லிங்கன். பள்ளிக்குச் சென்ற நாட்களை எல்லாம் கூட்டினாலும் ஓராண்டு தேறாது. கோடரி பிடித்து மரம் பிளந்தார், படகு தள்ளினார், கடையிலே வேலை பார்த்தார், அஞ்சல் நிலையம் நடத்தினார், நிலம் அளந்தார். இரவல் நூல்களைப் படித்தே வழக்கறிஞரானார். பாட்டாளியாய் வளர்ந்த அவர், 1847 டிசம்பரில், தமது 38ஆம் வயதில், காங்கிரஸ் எனப்படும் அமெரிக்கப் பாராளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபையிலே அமர்ந்தார். இல்லினாய் மாநிலத்திலிருந்து விக் கட்சியின் சார்பில் வந்தவர் அவர் ஒருவரே.

அப்போது மெக்சிகோவுடன் போர் நடந்து கொண்டிருந்தது. அந்தப் போர் மூண்ட விதத்தை அறியுமுன், அமெரிக்க அரசியல் சட்டம் சொல்வதை அறிய வேண்டும்.

1787இல் ஃபிலடெல்ஃபியாவிலே கூடி அச்சட்டத்தை வகுத்தவர்கள், படைகளின் தலைமையைக் குடியரசுத் தலைவரிடம் தந்தார்கள். போரை அறிவிக்கும் அதிகாரத்தையோ பாராளுமன்றத்திடம் வைத்தார்கள். எதிரி திடீரெனத் தாக்கினால் தலைவர் தடுத்து நிற்கலாம். தாமாகப் போய்ப் போர் தொடுக்கலாகாது. வாளை ஏந்துபவர் ஒருவர். அதை உறையிலிருந்து உருவக் கட்டளையிடுபவர் வேறு. ஆழ்ந்து யோசித்துச் செய்த ஏற்பாடு அது! மன்னர்கள் தம் மனம்போனபடி போரில் இறங்குவதும், அதற்கு மக்கள் உயிரும் வரியும் கொட்டி அழுவதும் ஐரோப்பாவிலே வாடிக்கையாக இருந்ததை அவர்கள் கண்டிருந்தனர்.

ஆனால் 1846இல் நடந்தது என்ன? அதற்கு முந்திய ஆண்டிலே டெக்சஸ் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டது. அதன் எல்லை நூயெசஸ் ஆறு என்றது மெக்சிகோ. இல்லை, அதற்கும் தெற்கே உள்ள ரியோ கிராண்டு ஆறு என்றது அமெரிக்கா. இரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட நிலம் வழக்கில் கிடந்தது. குடியரசுத் தலைவர் போல்க், பாராளுமன்றத்தைக் கேளாமலே, தளபதி டெய்லரின் படையை ரியோ கிராண்டுக் கரைக்கு அனுப்பினார். ஏப்ரல் 25 அன்று மோதல் மூண்டது; அமெரிக்க வீரர்கள் மாண்டனர். அந்தச் செய்தி தலைநகருக்கு வந்து சேருமுன்பே, போர் கேட்பது என்று போல்க்கும் அமைச்சர்களும் முடிவு செய்திருந்தனர் என்பதையும் வரலாறு பதிவு செய்திருக்கிறது. செய்தி வந்ததும் காரணம் கைக்கு எட்டிவிட்டது! மே 11 அன்று, அமெரிக்க மண்ணிலே அமெரிக்கரின் இரத்தம் சிந்தப்பட்டது என்று பாராளுமன்றத்துக்கு எழுதினார். பிரதிநிதிகள் சபையிலே இரண்டு மணி நேர விவாதம். 174 பேர் ஆதரவு, 14 பேர் எதிர்ப்பு. குண்டு வெடித்த பின்னர் அனுமதி!

1847 டிசம்பர் 22 அன்று லிங்கன் எழுந்தார். எட்டுத் தீர்மானங்கள் கொண்டுவந்தார். இரத்தம் சிந்திய இடம் எந்த இடம் என்று கேட்டார். அங்கு வாழ்ந்தவர்கள் என்றேனும் அமெரிக்காவுக்கு வரி கட்டியதுண்டா, வாக்களித்ததுண்டா என்று கேட்டார். அமெரிக்கப் படையைக் கண்டு வீட்டையும் விளைந்த பயிரையும் விட்டு ஓடியவர்கள் அல்லவா அவர்கள் என்று கேட்டார். மாண்டவர்கள் தலைவரின் கட்டளைப்படி அங்கு அனுப்பப்பட்ட படைவீரர்கள்தாமே என்று கேட்டார். வழக்கு மன்றத்திலே சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் வழக்கறிஞரின் கேள்விகள்! போல்க் பதில் கூறவேயில்லை.

சில நாட்களில், 1848 ஜனவரி 3 அன்று, இந்தப் போர் தேவையின்றியும் அரசியல் சட்டத்துக்கு மாறாகவும் குடியரசுத் தலைவரால் தொடங்கப்பட்டது என்று 85க்கு 81 வாக்குகளில் அச்சபை முடிவு கூறியது. லிங்கனின் வாக்கு அந்த 85இல் ஒன்று. களத்திலே நின்ற வீரனுக்கு உணவும் உடையும் அனுப்பும் மசோதாக்களையோ அவர் ஆதரித்தார். போரைத் தொடங்கியவரை எதிர்ப்பது வேறு. போரிலே தள்ளப்பட்டவனைக் கைவிடுவது வேறு. இந்த வேறுபாட்டை நம் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவருடைய வழக்கறிஞர் தொழிலில் பங்காளியான ஹெர்ண்டனே அவரை ஏற்கவில்லை. படையெடுப்பைத் தடுக்கத் தலைவர் எல்லை தாண்டலாமே என்றார். அது தேவைதானா என்பதைத் தலைவரே முடிவு செய்யலாம் என்று விட்டுவிட்டால், நினைத்தபோது போர் தொடுக்கும் மன்னராக அவரை ஆக்கிவிடுகிறோம் என்று லிங்கன் பதில் எழுதினார். ஆங்கிலத்தில் இடத்தைக் குறிக்கும் அந்தச் சொல்லுக்குக் கறை என்றும் பொருள் உண்டு. அதை வைத்து, கறை படிந்த லிங்கன் என்று எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் ஏசின. கட்சி ஏற்பாட்டின்படி அவர் மறுமுறை போட்டியிடவில்லை. 1848இல் அந்தத் தொகுதியும் விக் கட்சியின் கையை விட்டுப் போயிற்று. மெக்சிகோவோ தன் நிலத்திலே ஏறக்குறைய பாதியை இழந்தது. அமெரிக்கத் தரப்பிலே மாண்டவர் ஏறத்தாழ 13,000 பேர். பெரும்பாலோரைக் கொன்றது நோய்.

அதே லிங்கன் 1861இல் குடியரசுத் தலைவரானார். ஏப்ரல் 12 அன்று, பிரிந்து நின்ற தென் மாநிலங்களின் பீரங்கிகள் சம்டர் கோட்டையைத் தாக்கின. பாராளுமன்றம் அப்போது கூடியிருக்கவில்லை. லிங்கன் 75,000 வீரர்களைத் திரட்ட அழைப்பு விட்டார். தென் துறைமுகங்களை முற்றுகையிட்டார். விசாரணையின்றிச் சிறை வைக்கவும் இடம் தந்தார். அன்று கேட்டது என்ன, இன்று செய்வது என்ன என்று கேட்டவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான்! லிங்கனைப் போற்றும் நாம் அதை மறைக்கப் போவதில்லை. விசாரணையற்ற சிறை அவர் ஆட்சியின் மீது படிந்த நிழலே.

ஆனால் ஒன்றைப் பாருங்கள். போல்க் படையை அனுப்பி மோதலை வரவழைத்தார்; லிங்கன் மூண்ட தாக்குதலை எதிர்த்து நின்றார். ஜூலை 4இல் பாராளுமன்றத்தைக் கூட்டி, செய்ததைச் சொல்லி ஒப்புதல் கேட்டார், ஆகஸ்டில் பெற்றார். முற்றுகையில் பிடிபட்ட கப்பல்களின் வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. மூண்ட போரை எதிர்கொள்ளத் தலைவருக்கு உரிமையுண்டு, போரைத் தொடங்க உரிமையில்லை என்று 1863 மார்ச்சில் நீதிபதிகள் ஐவர் தீர்ப்பளித்தனர், நால்வர் மாறுபட்டனர். லிங்கனுக்கே ஒரு வாக்கில்தான் வெற்றி என்றால், அந்த வேலி எவ்வளவு வலுவானது!

வேலி பின்னர் சாய்ந்தது. அமெரிக்கப் பாராளுமன்றம் முறைப்படி போர் அறிவித்தது 1942இல், அதுவே கடைசி. 1950இல் கொரியாவுக்குப் படை போயிற்று, அறிவிப்பு இல்லை. 1964 ஆகஸ்டில், டோங்கின் வளைகுடாவிலே கப்பல்கள் தாக்கப்பட்டன என்று கூறி ஜான்சன் அதிகாரம் கேட்டார். செனட் சபையிலே மறுத்தவர்கள் இருவரே. இரண்டாவது தாக்குதல் நடக்கவேயில்லை என்பது பின்னர் வெளிப்பட்டது. எந்த இடம் என்று கேட்க அன்று போதிய பேர் இல்லை. வியட்நாமிலே 58,000க்கு மேற்பட்ட அமெரிக்கரும், பல இலட்சம் வியட்நாமியரும் மாண்டனர். 1973இல், நிக்சனின் மறுப்பையும் மீறி, 48 மணி நேரத்தில் தகவல் தரவேண்டும், ஒப்புதல் இல்லையேல் 60 நாளில் போரை நிறுத்தத் தொடங்க வேண்டும் என்று சட்டம் செய்தார்கள்.

சட்டம் ஏட்டிலே இருக்கிறது. அதற்கு உயிர் தருவது கேட்கும் நெஞ்சம். போருக்குப் போகிறவன் உழைப்பாளியின் மகன். அதன் செலவைத் தாங்குவது உழைப்பாளியின் வியர்வை. ஆகவே எந்த இடம், யார் உத்தரவு, எந்தச் சட்டம் என்று கேட்கும் முதல் உரிமையும் உழைப்பாளிக்கே உண்டு. மரம் பிளந்த கைகளோடு மன்றம் ஏறிய லிங்கன் அந்த உரிமையைத்தான் செலுத்தினார். கறை என்று ஏசினார்கள். காலம் அதைப் பெருமையாக்கியது.