செவிமடுத்த மருத்துவர்

1922ஆம் ஆண்டு பேராக் மாநிலத்தின் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. நல்ல ஆசிரியர்களை உருவாக்குவது அதன் பணி. அதே ஆண்டில் கல்கத்தா நகரில், ஒரு மருத்துவரின் வீட்டில் பேராசிரியர்களும் மருத்துவர்களும் கூடி வேறொரு பணியைத் தொடங்கினர். மனத்துயரால் வாடுவோரைப் பேசவைத்து, அப்பேச்சைப் பொறுமையுடன் கேட்டு, அவர்களை நலம்பெறச் செய்யும் முறையை ஆராய்வதே அப்பணி. அன்று பிறந்த அமைப்பே இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகம். அதை நிறுவியவர் கிரீந்திரசேகர் போஸ்.

கிரீந்திரசேகர் 1887ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் பீகாரில் உள்ள தர்பங்காவில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர் போஸ், தர்பங்கா மகாராஜாவின் நிலங்களை நிருவகித்து வந்தார். அண்ணன் ராஜசேகர் போஸ் பின்னாளில் வங்காளத்தின் புகழ்பெற்ற நகைச்சுவை எழுத்தாளராகத் திகழ்ந்தார். கிரீந்திரசேகருக்கு இளமையிலேயே மாய வித்தையிலும் மனோவசியத்திலும் நாட்டம் மிகுந்திருந்தது. ஒருவர் சொல்லும் சொல் மற்றொருவரின் மனத்தை எப்படி மாற்றுகிறது என்னும் வியப்பு அவரை விட்டு நீங்கவே இல்லை. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்று 1910ஆம் ஆண்டில் அவர் மருத்துவரானார்.

அக்காலத்தில் கடும் பதற்றத்தால் துன்புற்றோருக்கு உதவி அரிதாகவே கிடைத்தது. நெஞ்சு படபடக்கும், கைகள் நடுங்கும், உறக்கம் வராது, காரணமின்றி அச்சம் சூழும். உடலைச் சோதித்துப் பார்த்தால் நோய் எதுவும் தென்படாது. மருத்துவர்கள் பெரும்பாலும் உறக்கமூட்டும் மருந்துகளையே கொடுத்தனர். அம்மருந்துகள் சிறிது நேரம் அமைதி தந்தாலும் அச்சத்தின் காரணத்தைத் தொடவில்லை. நீண்ட நாள் உட்கொண்டால் உடல் அவற்றுக்கு அடிமையாகிவிடும் ஆபத்தும் இருந்தது. மனநோய் முற்றியவர்களோ ஊருக்கு வெளியே அமைந்த பெரிய மனநோய் இல்லங்களுக்கு அனுப்பப்பட்டனர். பேராக்கின் தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் திறக்கப்பட்ட மருத்துவமனையும் அத்தகைய இல்லமாகவே தொடங்கியது.

போஸ் முதலில் மனோவசியத்தைக் கொண்டு மனநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தார். பின்னர் வியன்னா நகர மருத்துவர் சிக்மண்ட் பிராய்டின் உளப்பகுப்பாய்வு முறை அவர் கவனத்தை ஈர்த்தது. அதைக் கற்றுத்தர அப்போது இந்தியாவில் ஆசிரியர் எவரும் இல்லை. போஸ் நோயாளிகளிடமிருந்தே கற்றுக்கொண்டார். மருத்துவத் தொழிலை நடத்திக்கொண்டே கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் உளவியல் பயின்று 1917இல் முதுகலைப் பட்டம் பெற்றார். மனிதர் தம் ஆசைகளை உள்ளத்தின் ஆழத்தில் அடக்கிவைப்பதைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுக்கு 1921இல் அப்பல்கலைக்கழகம் அறிவியல் முனைவர் பட்டம் வழங்கியது.

அந்த நூலைப் போஸ் பிராய்டுக்கு அனுப்பிவைத்தார். இவ்வளவு தொலைவில் தம் துறையில் ஒருவர் உழைப்பதைக் கண்டு பிராய்டு வியந்தார். அன்று தொடங்கிய கடிதத் தொடர்பு பல ஆண்டுகள் நீடித்தது. 1931இல் பிராய்டின் 75ஆம் பிறந்தநாளுக்கு இந்தியக் கழகத்தினர் தந்தத்தால் ஆன விஷ்ணு சிலை ஒன்றைப் பரிசளித்தனர். பிராய்டு அதனைத் தம் மேசையில் வைத்துப் போற்றினார். ஆயினும் இருவரும் ஒருமுறைகூட நேரில் சந்திக்கவில்லை. பிராய்டின் கருத்துகள் அனைத்தையும் போஸ் அப்படியே ஏற்கவுமில்லை. இந்தியக் குடும்பங்களில் வளர்வோரின் மனம் ஐரோப்பியரின் மனத்திலிருந்து சிலவற்றில் வேறுபடுகிறது என்பதை அவர் துணிவுடன் எடுத்துரைத்தார்.

மனத்தில் தோன்றும் ஒவ்வோர் ஆசைக்கும் எதிரான ஆசை ஒன்றும் உடன் தோன்றுகிறது என்பது போஸின் கொள்கை. சான்றாக, வீட்டைவிட்டு வெளியூர் செல்ல ஆசைப்படும் ஒருவருக்கு வீட்டிலேயே இருந்துவிடும் ஆசையும் இருக்கலாம். ஒன்று மேலோங்க, மற்றொன்று அடக்கப்படுகிறது. அடக்கப்பட்டது அழிவதில்லை, அச்சமாகவோ பதற்றமாகவோ வெளிப்படுகிறது. நோயாளி தயக்கமின்றிப் பேசப் பேச, மறைந்திருந்த ஆசை மேலே வரும். அதை அவரே உணர்ந்து ஏற்கும்போது பதற்றம் தணியும் என்று போஸ் நம்பினார். இதற்குப் பல மாதங்கள் தேவைப்பட்டன. மருத்துவருக்குப் பொறுமையும் நோயாளிக்கு நம்பிக்கையும் வேண்டியிருந்தன.

அதே கல்கத்தாவில் வேறொரு வழியும் திறந்தது. 1931இல் ஆயுர்வேத மருத்துவர் கணநாத் சென்னும் மருத்துவர் கார்த்திக் சந்திர போஸும் சர்ப்பகந்தா என்னும் மூலிகையைப் பற்றிக் கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். அம்மூலிகை உயர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதோடு மனக்கொந்தளிப்பையும் தணிக்கிறது என்று அவர்கள் எடுத்துக்காட்டினர். இவ்வாறு ஒரே நகரில் பேச்சால் நோய் தீர்க்கும் முறையும் மருந்தால் நோய் தணிக்கும் முறையும் அருகருகே வளர்ந்தன.

மனநலச் சிகிச்சை எளிய மக்களுக்கும் எட்ட வேண்டும் என்று போஸ் விரும்பினார். 1933இல் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். பொது மருத்துவமனையில் மனநோய்க்கும் இடம் உண்டு என்பதை அது காட்டியது. 1940இல் அண்ணன் ராஜசேகர் அளித்த இடத்தில் லும்பினி பூங்கா என்னும் மனநல மருத்துவமனை மூன்றே படுக்கைகளுடன் தொடங்கியது. அதற்குப் புத்தர் பிறந்த இடத்தின் பெயர் சூட்டப்பட்டது.

போஸின் முறைக்குக் கடும் சோதனை 1942இல் வந்தது. வங்காளத்தின் புரட்சிக் கவிஞர் காசி நஸ்ருல் இஸ்லாம் பேச்சையும் நினைவாற்றலையும் இழக்கத் தொடங்கினார். அவர் லும்பினி பூங்காவில் சேர்க்கப்பட்டுச் சில மாதங்கள் சிகிச்சை பெற்றார். பயன் விளையவில்லை. பேச்சே நின்றுபோனவரிடம் எதைக் கேட்பது? 1953ஆம் ஆண்டு இறுதியில் வியன்னா மருத்துவர்கள் கவிஞரைச் சோதித்தனர். அவரது மூளையே நலிந்து வருவதை அவர்கள் கண்டறிந்தனர். அந்நோய்க்குப் பேச்சும் மருந்தாகாது. அன்றிருந்த மருந்தும் தீர்வாகாது. அந்த முடிவை அறியப் போஸ் உயிருடன் இல்லை. அவர் அதே ஆண்டு ஜூன் 3ஆம் நாள் காலமானார்.

அதற்கு முந்தைய ஆண்டில்தான் சர்ப்பகந்தாவிலிருந்து ரிசர்பின் என்னும் மருந்துப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அது பலரை அமைதிப்படுத்தியது. சிலரை மனச்சோர்வில் ஆழ்த்தியது. பின்னர் அதைவிடப் பாதுகாப்பான மருந்துகள் வந்தன. பேச்சுச் சிகிச்சையும் மாறியது. அச்சமூட்டும் எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கவும் அச்சத்தைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளவும் இன்று சில மாதங்களிலேயே பயிற்சி தரப்படுகிறது. பதற்ற நோய்க்கு இரண்டுமே பயன்தருகின்றன. சிலருக்குப் பேச்சு மட்டுமே போதும். சிலருக்கு மருந்து வேண்டும். இரண்டும் சேர்ந்தால் நலம்பெறுவோரும் உண்டு. எது யாருக்கு என்பதை மருத்துவர் நோயாளியுடன் கலந்து முடிவு செய்கிறார். தொடங்கிய மருந்தை மருத்துவரைக் கேளாமல் நிறுத்துவதும் தீங்காகும். நோய் எது, அதன் காரணம் எது என்று முதலில் ஆராய வேண்டும் என வள்ளுவர் வகுத்த நெறியும் இதுவே.

1922இல் தஞ்சோங் மாலிமில் திறக்கப்பட்ட கல்லூரி இன்று சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாக உயர்ந்துள்ளது. பள்ளிகளில் பணியாற்றும் ஆலோசக ஆசிரியர்களும் அங்கே பயிற்சி பெறுகின்றனர். தேர்வு நெருங்கும்போது உறக்கமின்றித் தவிக்கும் மாணவர் ஒருவர் ஆலோசக ஆசிரியரின் அறைக்கதவைத் தட்டலாம். அங்கே அவர் சொல்வதைச் செவிமடுக்க ஒருவர் இருப்பார். தேவைப்பட்டால் மருத்துவரிடமும் அனுப்பிவைப்பார். கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் நோயாளிகளுக்காகத் திறந்துவைத்ததும் அத்தகைய ஒரு கதவைத்தான்.