கோவையில் மண் பரிசோதகர், லண்டன் ராயல் சொசைட்டியில் ஃபெல்லோ: யார் இந்த டி.ஆர். சேஷாத்ரி?

1930-களின் தொடக்கம். கோவை வேளாண் கல்லூரியில் மண் பரிசோதகர் ஒருவர் வேலைக்குச் சேர்ந்தார். மண்ணைச் சோதித்துச் சொல்வதுதான் வேலை. ஆனால் அவர் கையில் இருந்ததோ மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் பிஎச்.டி. பட்டம். ஆய்வு செய்தது மலேரியா மருந்தில்!

அவர்தான் டி.ஆர். சேஷாத்ரி. இந்தியத் தாவரங்களின் வேதியியலை உலகம் திரும்பிப் பார்க்க வைத்தவர்களில் ஒருவர். வசதி இல்லாத வீட்டுப் பையன் அந்த இடத்துக்குப் போனது எப்படி?

படிக்க வைத்தது யார்?

1900 பிப்ரவரி 3-ம் தேதி, இன்றைய கரூர் மாவட்டம் குளித்தலையில் பிறந்தார். அப்பா பள்ளி ஆசிரியர். ஐந்து மகன்களில் இவர் மூன்றாவது. பள்ளிப் படிப்பு ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும்.

1917-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் சேர்ந்தார். கைகொடுத்தது ராமகிருஷ்ணா மிஷன். தங்கியது அவர்களின் விடுதியில். பட்டம் வாங்கியதும் அதே மிஷனில் ஓராண்டு வேலை பார்த்தார். பிறகு பேராசிரியர் பி.பி. டே-விடம் ஆய்வில் சேர்ந்தார்.

இன்று ஜேஆர்எஃப் கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை வருகிறது. அப்போது யுஜிசியும் இல்லை, சிஎஸ்ஐஆரும் இல்லை. 1927-ல் சென்னை மாகாண அரசு கொடுத்த உதவித்தொகைதான் சேஷாத்ரியைக் கப்பல் ஏற்றியது.

மான்செஸ்டரில் என்ன ஆய்வு?

வழிகாட்டி ராபர்ட் ராபின்சன். பின்னாளில், 1947-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர்.

அந்தக் காலத்தில் மலேரியா என்றால் கொய்னாதான். நம்ம நீலகிரி நடுவட்டத்திலேயே சின்கோனா மரப்பட்டையிலிருந்து கொய்னா எடுக்கும் அரசுத் தொழிற்சாலை இருந்தது. ஆனால் மரத்தை மட்டும் நம்பினால் எத்தனை பேருக்கு மருந்து கொடுக்க முடியும்? அதனால் ஆய்வகத்திலேயே மருந்து செய்யும் போட்டி தொடங்கியது. தெரிந்த மருந்தின் மூலக்கூறில் சின்னச் சின்ன மாற்றம் செய்து, எது நன்றாக வேலை செய்கிறது என்று பார்ப்பதுதான் வழி. மருந்து வேதியியலின் அடிப்படை இன்றும் இதுதான்.

1929-ல் பிஎச்.டி. முடிந்தது. அடுத்து ஆஸ்திரியாவில் ஃபிரிட்ஸ் பிரெகலிடம் சில மாதங்கள். சில மில்லிகிராம் பொருளை வைத்தே அதில் என்னென்ன தனிமங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று சொல்லும் நுண்பகுப்பாய்வு முறைக்காக 1923-ல் நோபல் பெற்றவர் அவர். இந்தப் பயிற்சி ஏன் முக்கியம் என்பது கோவையில் தெரிந்தது.

பருத்திப் பூவில் என்ன இருந்தது?

1930-ல் ஊர் திரும்பினார். சென்னையில் கொஞ்ச நாள் ஆய்வு, பிறகு கோவையில் மண் பரிசோதகர் வேலை. மருந்து ஆய்வுக்கு அங்கே வசதி கிடையாது. பலருடைய ஆராய்ச்சி இந்த இடத்தில்தான் நின்றுபோகும்.

ஆனால் கொங்கு மண்ணில் எங்கு பார்த்தாலும் பருத்தி. சேஷாத்ரி அதன் பூவைக் கையில் எடுத்தார். கம்போடியா, உப்பம், கருங்கண்ணி என ரகம் ரகமாகப் பூக்களின் மஞ்சள் நிறத்துக்கு என்ன காரணம் என்று தேடும் ஆய்வு இப்படித்தான் தொடங்கியது. பூவில் நிறமி கொஞ்சமாகத்தான் கிடைக்கும். துளி பொருளை வைத்து விடை கண்டுபிடிக்கத் தெரிந்திருந்ததால் வேலை நடந்தது.

சரி, இதுக்கும் மருந்துக்கும் என்ன சம்பந்தம்?

இந்த நிறமிகள் ஃபிளேவனாய்டு என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. மூலிகைகள் பலவற்றிலும் இவை உண்டு. ஒரு செடி மருந்தாகிறது என்றால், அதில் எந்தப் பொருள் என்று பிரிக்க வேண்டும், அதன் அமைப்பைக் கண்டுபிடிக்க வேண்டும், ஆய்வகத்தில் செய்து பார்க்க வேண்டும். இந்த மூன்றையும் சேஷாத்ரி வாழ்நாள் முழுக்கச் செய்தார்.

வால்டேர் முதல் டெல்லி வரை

1934-ல் ஆந்திரப் பல்கலைக்கழகம் அழைத்தது. அங்கே மருந்து வேதியியல் துறையையும் உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரின்போது பல்கலைக்கழகம் குண்டூருக்கு இடம் மாறியபோதும் ஆய்வை விடவில்லை.

1949-ல் டெல்லி பல்கலைக்கழக வேதியியல் துறைத் தலைவரானார். மூலிகைகளோடு லைக்கன்களையும் ஆராய்ந்தார். நம்ம குழம்பில் போடும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான்!

1960-ல் ராயல் சொசைட்டி ஃபெல்லோ, 1963-ல் பத்மபூஷண். ஆயிரத்துக்கும் மேல் ஆய்வுக் கட்டுரைகள். அவரிடம் பிஎச்.டி. முடித்தவர்கள் சுமார் 160 பேர்.

1975 செப்டம்பர் 27-ல் மறைந்தார். அவர் வேலை பார்த்த கோவைக் கல்லூரி அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாகியிருந்தது. ஒரு விடுதி இடமும் ஓர் அரசு உதவித்தொகையும் கிடைத்த ஒரே மாணவர், பின்னாளில் 160 பேரை ஆய்வாளர்களாக்கினார்.