எம்டன் தளபதி முல்லர்

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஓர் இரும்புத் துண்டு இருக்கிறது. பெரிய பொருள் அல்ல. ஆனால், ஒரு காலத்தில் சென்னையையே நடுங்கவைத்த பொருள் அது.

அதுதான் எம்டன் கப்பல் வீசிய குண்டின் துண்டு!

கெட்டிக்காரனை, யாருக்கும் அடங்காதவனை “எம்டன்” என்று சொல்வது தமிழ்நாட்டு வழக்கம். திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்கால் போன்ற, கடல் இல்லாத ஊர்களுக்கும் இந்தச் சொல் போய்விட்டது. கப்பலின் பெயர் நிலைத்தது. அதை ஓட்டி வந்த தளபதியின் பெயரை மறந்துவிட்டோம்.

அவர் பெயர் கார்ல் வான் முல்லர்.

இளமை

முல்லர் ஜெர்மனியில் உள்ள ஹானோவர் நகரில் 1873-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி பிறந்தார். தந்தை ராணுவ அதிகாரி. மகனோ கடலை விரும்பினார். 1891-ல் கடற்படையில் சேர்ந்தார்.

ஆப்பிரிக்கக் கடற்கரையில் வேலை பார்த்தபோது மலேரியாக் காய்ச்சல் அவரைப் பிடித்தது. அந்த நோய் கடைசிவரை அவரை விடவில்லை.

அதிகம் பேசாதவர், அமைதியானவர். 1913-ல் எம்டன் கப்பலின் தளபதி ஆனார். அப்போது அந்தக் கப்பல் சீனாவில் உள்ள சிங்டாவ் துறைமுகத்தில் இருந்தது.

நாலாவது புகைபோக்கி

1914 ஆகஸ்டில் முதல் உலகப்போர் மூண்டது. தனியாக ஒரு கப்பலை இந்தியக் கடலுக்கு அனுப்பலாம் என்று முல்லர் யோசனை சொன்னார். மேலதிகாரி சம்மதித்தார். எம்டன் புறப்பட்டது.

எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். சில ஆங்கிலப் போர்க்கப்பல்களுக்கோ நாலு! எனவே கித்தான் துணியால் நாலாவது புகைபோக்கி ஒன்றைச் செய்து வைத்தார்கள். தூரத்தில் பார்ப்பவர்கள் ஆங்கிலக் கப்பல் என்று ஏமாந்தார்கள்.

வங்கக் கடலில் வணிகக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிக்கின. முல்லர் முதலில் அவற்றில் இருந்தவர்களை இறக்கிவிடுவார். அதன்பிறகுதான் கப்பலை மூழ்கடிப்பார்.

கபிங்கா என்ற கப்பலில் அதன் தலைவருடைய மனைவியும் குழந்தையும் இருந்தார்கள். முல்லர் அந்தக் கப்பலை மூழ்கடிக்கவில்லை. தம்மிடம் இருந்த கைதிகளை அதில் ஏற்றி, போகவிட்டார்.

சென்னையில் குண்டு!

1914 செப்டம்பர் 22-ந் தேதி. இரவு சுமார் 9½ மணி.

சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே எம்டன் வந்து நின்றது. பளிச்சென்று விளக்கை அடித்தது. அடுத்த நிமிடம் பீரங்கிகள் முழங்கின.

பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள்தான் குறி. சுமார் 130 குண்டுகள் பாய்ந்தன. தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலில் உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. கரைப் பீரங்கிகள் திருப்பிச் சுட்டன. அதற்குள் எம்டன் இருட்டில் மறைந்துவிட்டது.

சென்னையில் ஒரே பீதி. மக்கள் மூட்டை முடிச்சுகளோடு வெளியூர்களுக்கு ஓடினார்கள். உயர்நீதிமன்ற மதில் ஓரம் உள்ள கல்வெட்டு இன்றும் அந்த இரவை நினைவூட்டுகிறது.

அக்டோபரில் எம்டன் டீகோகார்சியா தீவுக்குப் போயிற்று. போர் மூண்ட செய்தியே அங்கு இருந்தவர்களுக்குத் தெரியாது! அவர்களுடைய பழுதான மோட்டார் படகை எம்டன் மாலுமிகள் சரிசெய்து கொடுத்தார்கள்.

அதே மாதம் 28-ந் தேதி பினாங்கு துறைமுகத்தில் ரஷியப் போர்க்கப்பல் ஒன்றை முல்லர் மூழ்கடித்தார். எதிர்த்து வந்த பிரெஞ்சு நாசகாரிக் கப்பலும் மூழ்கியது. கடலில் தத்தளித்த பிரெஞ்சு வீரர்களைக் காப்பாற்றிய பிறகே அங்கிருந்து நகர்ந்தார்.

தோல்வி

நவம்பர் 9-ந் தேதி, கோகோஸ் தீவில் இருந்த கம்பியில்லாத் தந்தி நிலையத்தை அழிக்க முல்லர் ஆட்களை இறக்கினார். நிலையத்தில் இருந்தவர்கள் முந்திக்கொண்டு செய்தி அனுப்பிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் விரைந்து வந்தது. அதன் பீரங்கிகள் பெரியவை.

எம்டன் சல்லடை ஆயிற்று. 130-க்கும் மேற்பட்ட ஜெர்மானியர் மாண்டனர். மற்றவர்களாவது பிழைக்கட்டும் என்று, முல்லர் கப்பலைத் தீவின் பாறையில் மோதி நிறுத்தினார்.

அவர் கைதியானார். எதிரி நாடான இங்கிலாந்தின் பத்திரிகைகளே அவருடைய கண்ணியத்தைப் பாராட்டின.

முதலில் மால்டா தீவில் சிறை. பிறகு இங்கிலாந்தில் சிறை. 1917-ல் சுரங்கம் தோண்டி 22 பேர் தப்பினார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் முல்லர். ஆனால் பிடிபட்டுவிட்டார். மலேரியா முற்றியதால், 1918-ல் அவரை ஹாலந்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து நாடு திரும்பினார். ஜெர்மனியின் உயர்ந்த வீர விருது அவருக்குக் கிடைத்தது.

வேண்டாம் அந்தப் பணம்

எம்டன் கதையை எழுதினால் பணம் குவியும். தோழர்கள் பலர் அதை எழுதினார்கள். முல்லர் மறுத்துவிட்டார். கூட இருந்தவர்கள் சிந்திய ரத்தத்தை விற்றுக் காசாக்குவதாக அவருக்குப் பட்டது.

பிளாங்கன்பர்க் என்ற ஊரில் அமைதியாக வாழ்ந்தார். பிரன்ஸ்விக் மாநிலச் சட்டசபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1923-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி காலமானார். வயது 49.

எழும்பூரில் உள்ள இரும்புத் துண்டு அவருடைய பீரங்கியின் பலத்தைக் காட்டுகிறது. அவருடைய இரக்கத்துக்கு அங்கே அடையாளம் இல்லை. அதற்குச் சாட்சி, மூழ்கிய கப்பல்களிலிருந்து உயிரோடு வீடு திரும்பிய மாலுமிகள்தான்.