ஆகஸ்ட் மாதத்துக்குப் பெயர் தந்தவர்... அவர் காசு கொங்கு மண்ணில் கிடைத்தது எப்படி? யார் இந்த அகஸ்டஸ் சீசர்?

கரூர் அமராவதி ஆற்று மணலில் 2,000 வருஷத்துக்கு முந்தைய ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்திருக்கின்றன. அமராவதி காவிரியில் கலந்து தஞ்சை வயலுக்குப் போகிற ஆறுதான்.

தமிழ்நாட்டில் அதிகம் கிடைத்த அகஸ்டஸ் காசு ஒன்று உண்டு. ஒரு பக்கம் இலைமாலை சூடிய பேரரசரின் தலை. மறுபக்கம் கேடயம், ஈட்டியோடு நிற்கும் இரண்டு பையன்கள்.

யார் அந்தப் பையன்கள்? அதுக்கு அகஸ்டஸ் கதை தெரியணும்.

கி.மு. 63-ல் பிறந்தவர். இயற்பெயர் ஆக்டேவியஸ். கி.மு. 44-ல் ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்டபோது வயது 18தான். உயிலைத் திறந்து பார்த்தால், சீசர் இவரைத் தத்துப்பிள்ளை ஆக்கியிருந்தார்!

கி.மு. 31-ல் ஆக்டியம் கடற்போரில் ஆண்டனியும் கிளியோபாட்ராவும் தோற்றார்கள். அடுத்த வருஷமே எகிப்து இவர் கைக்கு வந்தது. நமக்கு முக்கியம் இதுதான். எகிப்தின் செங்கடல் துறைமுகம் ஒன்றிலிருந்து மட்டும் வருஷத்துக்கு 120 கப்பல்கள் வரை இந்தியாவுக்குக் கிளம்பியதாக ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். காவிரி கடலில் சேரும் பூம்புகாரில் யவனர் குடியிருப்பு இருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது.

கி.மு. 27-ல் அகஸ்டஸ் பட்டம். பிறகு ஒரு மாதத்துக்கே அவர் பெயர்.

எல்லாம் இருந்தும் ஆண் வாரிசு இல்லை. ஒரே மகள் ஜூலியா. அவளுடைய பிள்ளைகள் கையஸ், லூசியஸ் இருவரையும் தாத்தாவே தத்தெடுத்தார். காசில் நிற்பது இவர்கள்தான். அகஸ்டஸின் மகன்கள் என்றே அதில் எழுதியிருக்கும். மேலே பூசைக் கரண்டியும் வளைந்த கோலும் தெரியும். கரண்டி, பூசகரான கையஸுக்கு. கோல், பறவை நிமித்தம் பார்க்கும் பதவியில் இருந்த லூசியஸுக்கு. அடுத்த ராஜா யார் என்று ஊருக்கெல்லாம் சொல்லும் போஸ்டர் மாதிரி!

ஆனால் கி.பி. 2-ல் லூசியஸ் இறந்தார், வயது 18. கி.பி. 4-ல் போர்க்காயத்தோடு திரும்பும் வழியில் கையஸும் போய்விட்டார்.

வேறு வழியில்லாமல், மனைவி லிவியாவின் முதல் கணவருக்குப் பிறந்த டைபீரியஸைத் தத்தெடுத்தார். கி.பி. 14-ல், 75 வயதில் அகஸ்டஸ் மறைந்தார். டைபீரியஸ் ஆட்சிக்கு வந்து வெளியிட்ட வெள்ளிக்காசில், கையில் கிளையோடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவள் லிவியாதான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

கொங்குப் பகுதிப் புதையல்களில் அந்தக் காசும், பையன்கள் நிற்கும் காசும் ஒன்றாகக் கலந்தே கிடைத்திருக்கின்றன.